சுனாமி அத்தியாயமும் எங்கட கல்பும்

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஈத்தன் வாட்டர்ஸ் 2010இல் வெளியிட்ட ‘கிரேஸி லைக் அஸ்’ நூல் நான்கு இடங்களைப் பற்றியது: ஹொங்கொங், இலங்கை, சன்சிபார், ஜப்பான். மனநோய் பற்றிய அமெரிக்க விளக்கம் போகிற இடமெல்லாம் மனிசர் துன்பப்படும் விதத்தையே மாற்றிவிடுகிறது என்பது அவரது வாதம். பண்பாட்டுக்கு இசைந்த உளவளத்துணை பற்றி நம்மிடையே பேச்சு கூடிவருகிற நேரத்தில் இதை வாசிக்கத்தான் வேண்டும். எல்லாத்துக்கும் தலையாட்டத் தேவையில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு உளவளத்துணையாளர்கள் வந்து குவிந்ததை எழுதும் பக்கங்களில் நல்ல சூடு இருக்கிறது. ஆனால் நூலின் உயிர் உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோவின் ஆய்வை எடுத்துச் சொல்லும் இடத்தில்தான். இலங்கையர் தம் காயத்தை மனதுக்குள் மட்டும் தேடுவதில்லை. உறவுகளுக்கிடையில் தமக்குரிய இடம் போனால், செய்ய வேண்டிய கடமையைச் செய்ய முடியாமல் போனால், அதுவே காயம் என்கிறார் அவர்.

இதன் உண்மை நமக்கு 2020இல் விளங்கியது. 2021 பெப்ரவரியில் அடக்க அனுமதி வரும்வரை கொவிட் ஜனாஸாக்களை எரித்தார்கள். வாப்பாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டு ஒரு பிடி மண் போட முடியாமற்போன மகனுக்கு நித்திரை வராவிட்டால், அது என்ன நோய்? “கடந்த இரண்டு கிழமைகளில் எத்தனை நாள்” என்று கேட்கும் படிவத்தில் அந்த மண்ணுக்குக் கட்டம் இல்லை.

நான் உடன்படாத இடம் மௌனம் பற்றியது. தென்னிலங்கைச் சிங்களக் கிராமமொன்றின் பெண்கள் வன்முறையைப் பற்றி எச்சரிக்கையாகப் பேசுவதை மானிடவியலாளர் அலெக்ஸ் அர்ஜென்ரி-பில்லன் ஆராய்ந்தார். அந்தப் பேச்சைக் கலைத்தால் பழிவாங்கல் கிளம்பும் என்று வாட்டர்ஸ் எச்சரிக்கிறார். அந்தக் கிராமத்துக்குச் சரி. எங்கட வீடுகளில் “ஸப்ர் செய் மகள்” என்று சொல்லி அடக்கப்படும் மௌனம் வேறு. அடி வாங்கிக்கொண்டு வாய்திறக்காத பெண்ணின் மௌனத்துக்குப் பண்பாடு என்று பெயர் வைக்க ஆள் இருக்கிறது. வாட்டர்ஸ் அவர்களுக்குக் கதவைத் திறந்தே விட்டிருக்கிறார். கிழக்கின் தமிழ் பேசும் முஸ்லிமின் குரலும் அந்த அத்தியாயத்தின் வாதத்தில் இல்லை.

சன்சிபார் அத்தியாயம் நமக்கு இன்னும் நெருக்கம். மனச்சிதைவுக்கு ஆளானவர் குடிக்கும் பாத்திரத்தில் குங்குமப்பூவால் குர்ஆன் வசனம் எழுதும் முஸ்லிம் குடும்பங்கள். நம் உம்மம்மா காலத்துப் பிங்கான் எழுத்தேதான்! அந்த ஆளை வீட்டார் தள்ளி வைக்கவில்லை, ஏசவுமில்லை என்பதுதான் அங்கே கவனிக்க வேண்டியது. பிங்கான் இருக்க மருந்து எதற்கு என்று இதைப் படித்துவிட்டு யாரும் கிளம்பாமல் இருந்தால் சரி.

அப்படியானால் உளவளத்துணையை நாடும் ஒருவர் முதல் அமர்வில் எதைப் பார்க்க வேண்டும்? தமிழ்ப் பட்டதாரி என்பதால் நான் மொழியிலிருந்து தொடங்குவேன். “நீங்கள் எவ்வாறு உணர்கிறீர்கள்?” என்று எங்கட ஊரில் ஆரும் கேட்பதில்லை. “கல்பு சரியில்ல”, “நெஞ்சு படபடக்குது”, “வஸ்வாஸா இருக்கு” என்று சொன்னால் அதை உடனே பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றாமல், “வீட்டில ஆர் ஆர் இருக்கிறீங்க?” என்று அடுத்த கேள்வியைக் கேட்பவர் கிடைத்தால் விடாதீர்கள். இத்தா இருக்கும் பெண் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வராததை நோயின் அறிகுறியாக எழுதிக்கொள்பவரிடம் மறுமுறை போகத் தேவையில்லை.

அந்தப் பெண்ணுக்கு இணையவழி அமர்வு பெரிய வசதி. வெளியே இறங்க வேண்டாம், கிளினிக் வாசலில் ஊர்க்கண் படாது. ஆனால் போன் ஆருடையது? பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமி இருக்கிறாவா? அவ இருந்தால் “ஓம்”, “இல்ல” என்று மட்டும் பதில் வரும்படி கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் எதிர்முனையில் இருப்பவர்.