பாடியவரையும் தீர்ப்பிடும் பாடல்

பாட்டில்லாத திருச்சபையை நாம் எண்ணிப் பார்க்கவும் இயலாது. இறுதி இராவுணவுக்குப் பின் ஆண்டவரும் சீடரும் புகழ்ப்பாடல் பாடிவிட்டே ஒலிவ மலைக்குப் புறப்பட்டனர் என மாற்கு எழுதுகிறார். பிலிப்பிச் சிறையில் நள்ளிரவில் பவுலும் சீலாவும் பாடியதைத் திருத்தூதர் பணிகள் கூறுகிறது. ஆயினும் எந்த இசை, எந்தக் கருவி என்ற வினா எழுந்த போதெல்லாம் திருச்சபைக்குள் சச்சரவும் எழுந்தே வந்துள்ளது. 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் பியானோவையும் முரசு போன்ற பேரொலிக் கருவிகளையும் கோவிலினுள் விலக்கினார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, மக்களினங்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரப்பட வேண்டும் என்று திருவழிபாடு பற்றிய தன் ஏட்டில் அறிவித்தது. அறுபது ஆண்டுகளில் நேர்ந்த இம்மாற்றம் சிறியதன்று.

இன்று நம் பங்குகளில் இளைஞர் கேட்பது வேறொரு வினா. ராக் இசையிலும், தாளத்தோடு விரைந்து சொல்லடுக்கும் ராப் முறையிலும் ஆண்டவரைப் பாடலாகாதா என்கின்றனர். முதியோர் முகம் சுளிக்கின்றனர். இரு சாராரும் ஓசையைப் பற்றியே வழக்காடுகின்றனர். ஓசைக்கு அப்பால் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு என்பதே நம் கருத்து. அதை விளக்க, டிசி டாக் என்னும் அமெரிக்கக் குழுவின் ‘இன்டர்மிஷன்’ என்ற தேர்ந்த பாடல்களின் தொகுப்பை இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். 2000ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த இத்தொகுப்பு, கால் நூற்றாண்டு கடந்த பின் இன்று வேறொரு பொருளில் நம் செவியில் விழுகிறது.

டிசி டாக் குழுவினர் கத்தோலிக்கர் அல்லர். வெர்ஜீனியா மாநிலத்தில் பாப்டிஸ்டு மரபில் தோன்றிய லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் பயின்ற டோபி மெக்கீஹன், மைக்கேல் டெய்ட், கெவின் மேக்ஸ் ஆகிய மூவர் 1980களின் இறுதியில் ஒன்றுசேர்ந்தனர். டெய்ட் கறுப்பினத்தவர், மற்ற இருவரும் வெள்ளையர். 1989இல் வெளிவந்த முதல் தொகுப்பு பெரும்பாலும் ராப். 1992இல் வந்த ‘ஃப்ரீ அட் லாஸ்ட்’ கறுப்பினத் திருச்சபைகளின் பாடற்குழு மரபை அதனோடு இணைத்தது. 1995இன் ‘ஜீசஸ் ஃப்ரீக்’ கிட்டாரின் முழக்கத்துக்கு நகர்ந்தது. இவ்விரண்டுக்கும் கிராமி விருது கிடைத்தது. 1998இன் ‘சூப்பர்நேச்சுரல்’ தொகுப்பில் ராப் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. ‘இன்டர்மிஷன்’ வந்த கையோடு மூவரும் தனித்தனி வழியே சென்றனர். இடைவேளை என்று பெயரிட்டார்கள்; அதுவே முடிவுரையாக அமைந்தது.

தொகுப்பு என்ற முறையில் இதில் ஒரு குறையுண்டு. பாடல்கள் கால வரிசையில் அடுக்கப்படவில்லை. பழையதும் புதியதும் கலந்து வருவதால், தெருவோர ராப்பில் தொடங்கிய மூவர் பத்தாண்டுகளில் கடந்த தொலைவைக் கேட்பவர் தாமாகவே கோத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதிதாகச் சேர்த்த இரு பாடல்களும் பழையவற்றின் தோளுயரம் எட்டவில்லை. ஆயினும் நான்கு பாடல்களுக்காகவே இத்தொகுப்பு நிலைத்து நிற்கத் தகுந்தது.

முதலாவது, ‘ஜீசஸ் ஃப்ரீக்’. உலகம் ஏளனமாக வீசும் பெயரைப் பாடுபவன் தானே எடுத்துச் சூடிக்கொள்கிறான். தமிழில் இதனை ‘இயேசுப் பித்தன்’ எனலாம். பித்தன் என்ற சொல் தமிழ்ப் பக்தி மரபுக்குப் புதிதன்று. இறைவனையே பித்தன் என்றழைத்துப் பாடியவர் சுந்தரர். கிறிஸ்துவின் பொருட்டு நாங்கள் மடையர்கள் என்றார் பவுல். ஆண்டவரையே மதிமயங்கியவர் என்று எண்ணி அவருடைய உறவினர் பிடித்துக் கொண்டுவரப் புறப்பட்டதை மாற்கு மறைக்கவில்லை. எனவே கூச்சல் என்று நாம் ஒதுக்கும் இப்பாடலின் உள்ளீடு தொன்மையானது.

வடிவமும் நமக்கு அவ்வளவு அந்நியமன்று. மாயூரத்தில் முன்சீப்பாக விளங்கிய நம் கத்தோலிக்கப் புலவர் வேதநாயகம் பிள்ளை, தம் காலத்துக் கச்சேரி மேடைக்குரிய கீர்த்தனை வடிவிலேயே 1878இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ தந்தார். காலத்தின் பாத்திரத்தில் விசுவாசத்தை வார்ப்பது தவறாயின், அவரும் தவறியவரே.

இரண்டாவது பாடல் ‘லவ் இஸ் எ வெர்ப்’. அன்பு வெறும் பெயர்ச்சொல் அன்று, வினைச்சொல் என்பது இதன் தலைப்பே உரைக்கும் செய்தி. யோவானின் முதல் திருமுகம் மூன்றாம் அதிகாரத்தை இளைஞர் மொழியில் சொல்ல இதைவிட எளிய வழி இருப்பதாகத் தோன்றவில்லை.

மூன்றாவது பாடல் ‘கலர்டு பீப்பிள்’. தோலின் நிறங்களையும், அந்நிறங்களைக் கொண்டு மனிதர் ஒருவரையொருவர் புண்படுத்தியதையும் இது பாடுகிறது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று, பெரும்பாலும் வெள்ளையரே நிறைந்த கிறிஸ்தவ அரங்குகளில் இதைப் பாடினர் என்பதே பாதிச் செய்தி. ஞாயிறு தோறும் ஆலயத்துக்கு வரும் நல்ல மக்களிடம் அவர்களது பாவத்தைப் பெயர் சொல்லிப் பாடுவது எளிதன்று.

இங்கே நாம் நம்மைப் பார்த்துக் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. நம் பாடல் நூல்களில் நூற்றுக்கணக்கான பாடல்கள் உள்ளன. அவற்றுள் சாதி என்னும் சொல்லை வாய்விட்டு உச்சரிப்பன எத்தனை? வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், நன்றிப் பாடல் எல்லாவற்றிலும் நாம் ஒரே குடும்பம் என்று பாடுகிறோம். பின்னர் திருவிழாச் சப்பரம் எந்தத் தெரு வரை வரும், எந்தத் தெருவுக்குள் நுழையாது என்று வழக்குப் பேசுகிறோம். வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கோவில், சாதிக்கொரு பக்கமாக இரு கிளைகளாய்க் கட்டப்பட்டிருந்தது. நடுத்தடுப்பு 1910இல்தான் இடிந்தது. கல்லறைத் தோட்டங்களில் வேற்றுமை காட்டும் சுவர்கள் அதற்கு நெடுங்காலம் பின்னும் நின்றன. அச்சுவர்களுக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே பாடலைத்தான் பாடி அடக்கம் செய்தோம். அப்பாடல் நம் காதில் உறுத்தவில்லை என்றால், குறை நம் காதில் மட்டுமா, பாடலிலும் உண்டா?

ஆயினும் அமெரிக்கப் பாடலையும் நாம் தராசில் இட வேண்டும். அது உள்ளங்களின் மன்னிப்போடு நின்றுவிடுகிறது. நிலம், தொழில், குடியிருப்பு ஆகியவற்றின் நீதியைத் தொடவில்லை. ஆண்டுக்கொருமுறை பெரிய வியாழனன்று பாதம் கழுவுவதால் மட்டும் தெரு ஒன்றாகிவிடாது என்பதை அறிந்த நமக்கு இக்குறை தெளிவாகவே தெரியும். இவ்வகையில் நமக்கு நெருங்கிய முன்னோடி ஒருவர் இருந்தார். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த அருள்திரு தியோபிலஸ் அப்பாவு அவர்கள், ‘பரட்டை அண்ணன்’ எனப் பலராலும் அழைக்கப்பட்டவர். தீண்டத்தகாதது என ஒதுக்கப்பட்ட பறையையும் நாட்டுப்புற மெட்டுகளையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் சமைத்து எல்லோரும் உண்பதையே நற்கருணையின் விளக்கமாகக் கற்பித்தார். பாடலை மக்கள் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிப் பாட வேண்டும் என்றும் விரும்பினார். அவர் சீர்திருத்தச் சபையினர். ஆயினும் நிலக்கோட்டைக்கும் அரசரடிக்கும் உள்ள தொலைவு, நிலக்கோட்டைக்கும் வெர்ஜீனியாவுக்கும் உள்ள தொலைவன்று. ராப் வேண்டும் என்று கேட்கும் நம் இளைஞர், இவரைக் கேட்டதில்லை என்பது நமக்கு வருத்தமே.

நான்காவது பாடலுக்கு வருவோம். ‘வாட் இஃப் ஐ ஸ்டம்பிள்’: நான் இடறிவிட்டால் என்ன ஆகும் என்ற வினா. புகழின் உச்சியில் நின்ற மூவர் தங்கள் வீழ்ச்சியைத் தாங்களே முன்னிறுத்திக் கேட்ட வினா இது. இதன் தொடக்கத்தில் ஒலிக்கும் கருத்து, முன்பு பிரான்சிஸ்கு சபைக் குருவாயிருந்த எழுத்தாளர் பிரென்னன் மேனிங்குடையது. உதட்டால் அறிக்கையிட்டு வாழ்வால் மறுதலிக்கும் கிறிஸ்தவரே உலகின் அவநம்பிக்கைக்குப் பெருங்காரணம் என்பது அதன் சாரம்.

அவ்வினாவுக்கு விடை 2025இல் வந்தது. மைக்கேல் டெய்ட் மீது பாதிக்கப்பட்டோர் கூறிய குற்றச்சாட்டுகள் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வெளியாயின. சில நாள்களில் அவரே, தாம் நெடுங்காலம் போதைப்பொருளும் அளவுமீறிய மதுவும் பயன்படுத்தியதையும், ஆண்கள் சிலரை அவர்கள் விருப்பமின்றித் தகாத முறையில் தொட்டதையும் பொதுவில் எழுதி ஒப்புக்கொண்டார். இனி அப்பாடலை எப்படிக் கேட்பது? கேட்கவே கூடாதா?

குருத்துவ அருள்பணியாளரின் தகுதியின்மை அருளடையாளத்தைப் பாழாக்காது என்று தொனாத்தியருக்கு எதிராகப் புனித அகுஸ்தீன் கற்பித்ததை நாம் அறிவோம். செயல்படுபவர் கிறிஸ்துவே ஆதலால், ஊற்றுபவரின் கை அழுக்காயினும் நீர் தூயது. சிலர் இக்கோட்பாட்டை அவசரமாகப் பாடலுக்கும் பொருத்திவிடுகின்றனர். அது பொருந்தாது. பாடல் அருளடையாளம் அன்று, அது சாட்சியம். சாட்சியத்தில் சாட்சியின் வாழ்வும் எடை போடப்படும். அதைவிட முக்கியமாக, அவரால் புண்பட்டவர்களும் அதே பாடலைக் கேட்கிறவர்கள். அவர்களது காதை மறந்து நம் பக்தி உணர்வை மட்டும் காப்பாற்றிக்கொள்வது நீதியாகாது.

எனில் தூக்கி எறிவதா? திருவிவிலியம் வேறொரு வழி காட்டுகிறது. திருப்பாடல்கள் நூல் 150 பாடல்களின் தொகுப்பு. திருச்சபையின் தேர்ந்த பாடல்கள் அவையே. அதில் 51ஆம் பாடலுக்கு ஒரு தலைப்புக் குறிப்பு உண்டு. தாவீது பத்சேபாவிடம் சென்ற பின், இறைவாக்கினர் நாத்தான் அவரிடம் வந்தபோது பாடியது என்று அது பாவத்தைப் பதிவு செய்கிறது. அரசர் என்பதற்காகக் குறிப்பை அழிக்கவில்லை. பாவி என்பதற்காகப் பாடலையும் அழிக்கவில்லை. அதற்கும் முன் நாத்தான் பேசினார் என்பதை நாம் மறத்தலாகாது. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்லி, உரியாவின் பக்கம் நின்று பேசினார். நாத்தான் பேசிய பின்னரே 51ஆம் பாடலுக்கு இடம் கிடைத்தது. பாதிக்கப்பட்டவரின் குரல் முதலில். பாவியின் பாடல் பிறகு.

‘இன்டர்மிஷன்’ தொகுப்புக்கும் இனி அத்தகைய ஒரு தலைப்புக் குறிப்பு தேவை. அக்குறிப்போடு கேட்பவருக்கு ‘வாட் இஃப் ஐ ஸ்டம்பிள்’ ஓர் இனிய பாடலாக இராது. பாடியவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பாடலாக இருக்கும். அந்த அளவுக்கு அது உண்மையான பாடல். தன்னைப் பாடியவர்களைக் காட்டிலும் அது நேர்மையாக இருந்தது.

எனவே அன்பார்ந்த இறைமக்களே, நம் இளைஞர் ராப் பாடலாமா என்று கேட்கும்போது, டிரம் எத்தனை, கிட்டார் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். திருப்பலியில் எது தகும் என்பதற்குத் திருச்சபையின் நெறிகள் உள, அவற்றைக் காப்போம். இளைஞர் கூட்டங்களிலும், கிறிஸ்து பிறப்பு விழாக்காலத்தில் வீடுதோறும் செல்லும் பாடற்குழுக்களிலும், திருவிழா மேடைகளிலும் அவர்களுக்கு இடமுண்டு. அங்கே அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றே: உங்கள் பாடல், பாடுகிற உங்களையும் கேட்கிற எங்களையும் தீர்ப்பிடுமா? எங்கள் தெருவின் பாவத்தை அதன் பெயரால் அழைக்குமா? அழைக்குமாயின் பறையோடு வாருங்கள், கிட்டாரோடும் வாருங்கள். அழைக்காதாயின், ஆர்மோனியம் வைத்து மெல்லப் பாடினாலும் அது வெற்றோசையே. நீங்கள் பாடும் இப்பாடல்களின் ஓசை என் காதில் விழ வேண்டாம், நீதி வெள்ளமெனப் பாயட்டும் என்று ஆமோஸ் வழியாக ஆண்டவர் கடிந்துகொண்டது, தாளம் தவறிய பாடகரை அன்று.