எழுதாத நாளும் தொலைந்த நாளும்: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் தொடர்ச்சி குறித்து

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் நீளத்தை வியந்தே தொடங்குகின்றனர். 1736 செப்டம்பர் 6 முதல் 1761 சனவரி 12 வரை, அதாவது நள ஆண்டு ஆவணியிலிருந்து விக்கிரம ஆண்டு வரை, 24 ஆண்டுகளுக்கு மேல் ஒரு மனிதர் எழுதிக்கொண்டே இருந்தார் என்பது வியப்புக்குரியதுதான். எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 27. வணிகம், பிரெஞ்சுக் கும்பினியின் அலுவல், குடும்பம், நோய், போர் ஆகிய இத்தனைக்கும் நடுவில் இவ்வளவு எழுதினாரே என்னும் பாராட்டு ஏறத்தாழ ஒரு வாய்பாடாகவே நிலைத்துவிட்டது. 'நடுவில்', 'இடையிலும்' என்னும் சொற்கள் உணர்த்தும் கருத்தை இக்கட்டுரை ஏற்கவில்லை. அலுவல் எழுத்துக்கு எதிராக நின்றது, பிள்ளை தம் மனவுறுதியால் அதை வென்றார் என்னும் சித்திரம் நூலின் அமைப்போடு பொருந்தவில்லை. இந்தச் சித்திரத்தை ஏற்றுக்கொண்டால் நூலில் உள்ள இடைவெளிகள் அனைத்தும் அவருடைய தளர்ச்சிகளாகிவிடும். அவ்வாறு கொள்வதற்குச் சான்றில்லை.

முதலில் பெயர். ஆங்கிலப் பதிப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. முதலில் பிரைசும் ரங்காச்சாரியும், பின்னர் டாட்வெல்லும் அதன் பதிப்பாசிரியர்கள். அதன் தலைப்பில் 'அந்தரங்க' என்று பொருள்படும் ஓர் அடைமொழி இருக்கிறது. புதுச்சேரியில் 1948 முதல் அச்சேறிய தமிழ்ப் பதிப்போ 'சொஸ்த லிகித தினப்படி சேதிக் குறிப்பு' என்னும் பெயரைத் தாங்கியது. தம் கையெழுத்தில் நாள்தோறும் எழுதிய சேதிகளின் குறிப்பு என்பது அதன் பொருள். இவ்விரு பெயர்களும் இரு வேறு இலக்கிய வகைகளைச் சுட்டுகின்றன. அந்தரங்கக் குறிப்பு அகத்தை எழுதுவது. அதற்கு மனநிலை வேண்டும், தனிமை வேண்டும். சேதிக் குறிப்புக்கு வேண்டியது சேதி மட்டுமே. தொடக்கத்தில் பிள்ளை தமக்கு விதித்துக்கொண்ட பணியும் இத்தகையதே. கண்டவை, கேட்டவை, கப்பல்களின் வரவு, புறப்பாடு, நூதனமான நிகழ்ச்சிகள் ஆகியவற்றைக் குறிப்பதே தம் நோக்கம் என்கிறார். தம்மைப் பற்றி எழுதுவதாக அவர் எங்கும் வாக்களிக்கவில்லை. நூல் நெடுகிலும் அவர் தம்மைப் பற்றி எழுதுகிறார் என்பது உண்மை. ஆயினும் அது வாக்குறுதியின் பகுதியன்று, சேதியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பத்து நாள் எழுதாமல் விட்ட ஒருவர் பதினோராம் நாள் மீண்டும் உட்கார்ந்து எழுத இயலுமா என்பதை இதுவே தீர்மானிக்கிறது. அகத்தை எழுதுபவர் விட்ட நாள்களுக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். சேதி எழுதுபவர் அன்றைய தேதியைப் போட்டுத் தொடரலாம்.

இந்த வசதி எங்கிருந்து வந்தது? என் ஊகம், வணிகரின் நாள்வழிக் கணக்கிலிருந்து வந்தது என்பதாகும். பிள்ளை வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். துணி, பாக்கு முதலிய சரக்குகளில் கைவைத்தவர். குறிப்பில் அடிக்கடி இடம்பெறும் ஓரிடம் அவருடைய பாக்குக் கிடங்கு. காலையில் துரையின் வீட்டுக்குப் போவதும், பேச்சு முடிந்தபின் கிடங்கில் வந்து உட்காருவதும், அங்கே ஆட்கள் வந்து சேதி சொல்வதும் திரும்பத் திரும்ப வருகின்றன. நாள்வழியில் ஒவ்வொரு பதிவுக்கும் தேதி உண்டு. வரவு செலவு இல்லாத நாளுக்கு அங்கே இடமே இல்லை. அடுத்த பதிவு அடுத்த தேதியோடு கீழே தொடரும். வெற்று நாள் என்பது ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள் ஒதுக்கி அச்சிடப்பட்ட நாட்குறிப்பேட்டைக் கண்டு பழகிய நமக்கே குறையாகத் தெரிகிறது. தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, அவற்றோடு ஐரோப்பியத் தேதி என்று பிள்ளை ஒவ்வொரு பதிவுக்கும் தரும் தலைப்பு, அப்பதிவைத் தன்னளவில் நிற்கச் செய்கிறது. முந்தைய நாளோடு அது தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அலுவல் பெருகியபோது எழுத்து என்ன ஆயிற்று என்பதே அடுத்த கேள்வி. ஆங்கிலப் பதிப்பின் முதல் தொகுதி 1736 முதல் 1746 வரை ஏறத்தாழப் பத்து ஆண்டுகளை உள்ளடக்குகிறது. அதன்பின் வரும் தொகுதிகளுள் சில ஓராண்டைக்கூட முழுமையாக அடக்கவில்லை. இந்தத் திருப்பம் நேரும் காலம் கவனிக்கத்தக்கது. 1746 பிப்ரவரியில் தலைமைத் துபாசி கனகராய முதலியார் இறந்தார். முறைப்படியான நியமனம் வருமுன்னரே அப்பதவியின் வேலைகள் பிள்ளையின் தோளில் ஏறின. அதே ஆண்டில் லா பூர்தொனேயின் கப்பற்படை வந்தது. செப்டம்பரில் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அவர் வாழ்நாளில் மிகுந்த வேலை நெருக்கடி தொடங்கிய காலம் இது. குறிப்புகள் அடர்ந்து நீள்வதும் அப்போதுதான். ஓய்வு கிடைத்ததால் எழுதினார் என்றோ, ஓய்வில்லாதபோதும் விடாமல் எழுதினார் என்றோ சொல்வதைவிட, வேலை மிகுந்ததால் எழுத்தும் மிகுந்தது என்பதே பக்கங்கள் காட்டும் நிலை.

இதற்குக் காரணம் துபாசி என்னும் தொழிலிலேயே இருக்கிறது. துபாசியின் சரக்கு பிறர் பேச்சு. துரை சொன்னதை வணிகரிடமும், வணிகர் சொன்னதைத் துரையிடமும் பிசகாமல் கொண்டு சேர்க்க வேண்டும். யார், எப்போது, எந்தத் தொனியில், யார் முன்னிலையில் சொன்னார் என்பதை நினைவில் வைத்திருப்பவரே அத்தொழிலில் நிலைக்க முடியும். பிள்ளையின் உரைநடையில் மேலோங்கி நிற்பது கூற்றுநடை. அவர் இப்படிச் சொன்னார், நான் இப்படி மறுமொழி கூறினேன் என்று துய்ப்ளேக்சோடு நடந்த உரையாடல்கள் பக்கம் பக்கமாக விரிகின்றன. பகலில் வாயால் செய்த பணியைத்தான் பிறகு தாளில் செய்கிறார். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பகலில் இரு தரப்பாரின் பேச்சுக்கு அவர் குரலாக இருந்தார். தாளில் அப்பேச்சுகளைப் பற்றித் தம் கருத்தையும் சேர்க்க அவருக்கு இடம் கிடைத்தது.

அந்த இடம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு 1748 செப்டம்பர் சான்று. ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாசியாக இருந்துகொண்டு அதைத் தடுக்க இயலாமல் பார்த்தவர் பிள்ளை. அந்நாள்களின் பதிவுகளில் வருத்தமும் ஆற்றாமையும் நகரத்தாரின் கலக்கமும், துரையின் மனைவி மீதுள்ள கசப்பும் கலந்து வருகின்றன. முற்றுகைக் காலத்தில் எழுத நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பதைவிட, எழுதாமல் அவர் எப்படி மறுநாள் துரையின் முன் நின்றிருக்க முடியும் என்று கேட்பது பொருத்தம். தன்னலமற்ற சாட்சியாக அவரைக் காட்ட வேண்டியதில்லை. தம் செல்வாக்கைக் காக்கும் அக்கறை அவர் எழுத்தில் ஒளிந்திருக்கவில்லை, வெளிப்படையாகவே இருக்கிறது. ஆயினும் பதவி பறிபோகும் அச்சமும் மனச்சான்றின் உறுத்தலும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும் உரைநடை பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழில் அரிது.

அவரைப் புகழ்ந்து எழுந்த இலக்கியங்களோடு ஒப்பிட்டால் இது விளங்கும். தமிழில் ஆனந்தரங்கன் கோவையும், வடமொழியில் சீனிவாச கவியின் ஆனந்தரங்க விஜய சம்புவும் அவரைத் தலைவராகக் கொண்டவை. அவை இலக்கண வரம்புக்குள் முழுமை பெற்ற படைப்புகள். அவற்றில் விடுபட்ட நாள் இல்லை, ஏனெனில் அவற்றில் நாளே இல்லை. காலை வெயிலில் துரையின் வாசலில் காத்து நிற்கும் மனிதரை அவற்றில் காண முடியாது.

இனி இடைவெளிகள். 1754-இல் துய்ப்ளேக்சு திரும்ப அழைக்கப்பட்டதும், 1756-இல் பிள்ளை பதவியை இழந்ததும், உடல்நலம் குன்றியதும் குறிப்பின் நடையை மாற்றியிருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் இங்கே ஆய்வாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அச்சில் தெரியும் இடைவெளி இரு வகைப்பட்டது. ஒன்று பிள்ளை எழுதாத நாள். மற்றொன்று அவர் எழுதியும் நமக்கு வந்து சேராத நாள். புதுச்சேரியில் கலுவா மோம்பிரேன் 1846-இல் இந்த ஏடுகளைக் கண்டறிந்தார். எழுதியவர் இறந்து 85 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதன்பின் படிகள் எடுக்கப்பட்டன. ஆங்கில மொழிபெயர்ப்பும் படியிலிருந்தே உருவாயிற்று. இந்தப் பயணத்தில் ஏடுகள் சிதைந்தும் மறைந்தும் போயுள்ளன. முதல் பத்தாண்டுகளின் மெலிவிலும் இந்த இழப்புக்குப் பங்கிருக்கலாம். ஆகவே மேலே நான் கூறிய அடர்த்திக் கணக்கைப் பதிவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் நிறுவ இயலாது. ஒவ்வொரு பதிவின் நீளமும், அதில் வரும் உரையாடலின் அளவும் சேர்த்தே எடைபோடப்பட வேண்டும். எழுதாத நாளையும் தொலைந்த நாளையும் ஒன்றாகக் கலந்துவிட்டு ஒருவரது ஊக்கத்தையும் சோர்வையும் அளப்பது முறையன்று.

வேறொரு குறையைப் பதிப்பாளரும் வாசகரும் சேர்ந்து உண்டாக்கினர். போர், முற்றுகை, அரசியல் சூழ்ச்சி நிகழ்ந்த நாள்கள் மட்டுமே எடுத்தாளப்படுகின்றன. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்கள் இந்நாட்குறிப்பிலிருந்து உயிர்பெற்றவை. நாவலாசிரியர் தேர்ந்தெடுப்பது அவருடைய உரிமை. ஆய்வாளருக்கு அவ்வுரிமை இல்லை. கப்பல் வரவில்லை, துரை வெளியே வரவில்லை, கிடங்கில் உட்கார்ந்திருந்தேன் என்னும் அளவில் அமையும் சாதாரண நாள்களே பெரிய நாள்களைத் தாங்குகின்றன. எழுதும் கை பழக்கம் விடாமல் இருந்ததால்தான் 1748 செப்டம்பரை எழுத முடிந்தது.

பிள்ளையை 'இந்தியாவின் பெப்பிசு' என்பது வழக்கம். இலண்டன் கடற்படை அலுவலரான சாமுவேல் பெப்பிசு 1660-இல் தொடங்கிய குறிப்பை 1669 மே மாதத்தில், கண்பார்வை போய்விடும் என்னும் அச்சத்தால் நிறுத்தினார். அதன்பின் 1703 வரை உயிரோடிருந்தும் அதைத் தொடரவில்லை. சுருக்கெழுத்தில் மறைத்து எழுதியவர் அவர். ஒப்புமை சுவையான செய்திகளைப் பற்றியதாகவே இதுவரை இருந்துவருகிறது. இருவரும் அலுவலில் மூழ்கியிருந்தபோது எழுதியவர்கள் என்பதே எனக்கு முதன்மையாகப் படும் ஒற்றுமை.

இத்தகைய எழுத்து யாருக்கு வாய்த்தது என்பதையும் மறக்கலாகாது. தாள், மை, கிடங்கு, சேதி கொண்டுவரும் ஆட்கள் ஆகியவை ஒரு துபாசிக்கு இருந்தன. கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் வாழும் மலையாளி மக்களிடையே, காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் மலைகளுக்கு வந்த கதை வாய்மொழியாக வழங்குகிறது. வாய்மொழி மரபு தோற்றக் கதையைக் காப்பதில் வலியது. ஆனால் ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை யார் யாரிடம் என்ன பேசினார் என்பதைத் தலைமுறைகள் தாண்டிச் சுமப்பது அதன் இயல்பன்று. நாளைக் காப்பதற்கு எழுத்து வேண்டும், எழுதுவதற்கு வாய்ப்பும் வேண்டும். பிள்ளையின் விடாமுயற்சியைப் புகழும்போது இந்த வாய்ப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அவ்வாய்ப்பு ஒரு மரபாகவும் தொடர்ந்தது. 1761 சனவரியில் பிள்ளை இறந்தார், அதே மாதத்தில் புதுச்சேரியும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பின்னாளில் அதே நகரில் இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரையும், பிள்ளையின் குடும்பத்தைச் சேர்ந்த முத்து விஜய திருவேங்கடம் பிள்ளை 1794 முதல் 1796 வரையும் குறிப்பு எழுதினர். இவ்வேடுகளை அடுத்தடுத்து வைத்து, எந்தெந்தத் தேதிகளுக்குப் பதிவு உண்டு, எவை எழுதப்படாதவை, எவை ஏடு சிதைந்ததால் இல்லாதவை என்று பிரித்துக் காட்டும் நாள் அட்டவணை ஒன்று உருவாக வேண்டும். படிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையுள்ளோர் இப்பணியை முற்றுகை ஆண்டான 1748-இலிருந்து தொடங்கலாம்.