இரத்தம் கேட்கும் காதலன்: ஜப்பானியச் சித்திரக் கதைகளும் நம் வாசகியரும்

ஜப்பானியரின் சித்திரக் கதை நூலை வலப்புறமிருந்தே திறக்க வேண்டும். 'மங்கா' எனப்படும் அந்நூல்களில் கட்டங்களும் வலமிருந்து இடமாகவே நகர்கின்றன. தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் பழகிய கண்கள் முதல் நாளில் தடுமாறும். கிதாபு புரட்டிப் பழகியவர்களுக்கும், பாட்டிமார் வைத்துச் சென்ற அரபுத் தமிழ் ஏடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும் அந்தத் தடுமாற்றம் இல்லை. மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் கடையநல்லூரிலும் நம் பெண்மக்கள் இக்கதைகளை விரும்பி வாசிப்பதற்கு இதுதான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. இந்த அந்நியப் பொருள் நாம் நினைக்கும் அளவுக்கு அந்நியமானதன்று என்பதற்கு ஓர் அடையாளமாகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

இவற்றுள் இளம்பெண்களை மிகுதியும் ஈர்ப்பவை இரத்தக் காட்டேரிக் காதல் கதைகள். மனித இரத்தம் குடித்து வாழும், மூப்பும் சாவும் இல்லாத ஓர் அழகிய இளைஞன் மானிடப் பெண்ணொருத்தியை நேசிக்கிறான். அவளை நெருங்கினால் அவனுக்குப் பசி எழுகிறது. பசி எழுந்தால் அவள் உயிருக்கு ஆபத்து. கதை முழுவதும் இந்த முடிச்சிலேயே நிற்கிறது. மட்சுரி ஹினோ என்னும் பெண் ஓவியர் எழுதி வரைந்து, 'லாலா' இதழில் தொடராக வந்து 2013இல் நிறைவுற்ற 'வாம்பயர் நைட்' இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. அதற்கு ஒரு தலைமுறை முன்பே, 1972இல், மோத்தோ ஹாகியோ என்னும் மற்றொரு பெண் ஓவியர் 'போ குலம்' என்னும் தொடரைத் தொடங்கி, என்றும் சிறுவராகவே இருக்கச் சபிக்கப்பட்ட காட்டேரிகளின் துயரத்தை வரைந்தார். இவ்விரண்டையும் படைத்தவர்கள் பெண்கள். பெண்களுக்கான இதழ்களில்தான் இவை வெளிவந்தன. இதை மறந்துவிட்டு இக்கதைகளைப் பற்றிப் பேசினால் பேச்சு திசைமாறிவிடும்.

மேலைநாட்டுச் சீரழிவு என்று ஒரே சொல்லில் இதைத் தள்ளிவிடுவோர் நம்மிடையே உண்டு. இது வெறும் பொழுதுபோக்கு, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்போரும் உண்டு. இரு சாராரும் அந்நூல்களைப் பிரித்துப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

இந்தக் காட்டேரியின் வம்சாவளியைத் தேடிப் போனால் வழியில் நம் வீட்டு வாசலும் வருகிறது. அந்துவான் காலான் 1704 முதல் 1717 வரை பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட ஆயிரத்தொரு இரவுகளில் சீதி நுஃமானின் கதை ஒன்றுண்டு. அவன் மனைவி ஆமினா விருந்தில் சோற்றை ஒவ்வொரு பருக்கையாகக் கொறிப்பாள். இரவில் கபுருஸ்தானுக்குச் சென்று 'ஃகூல்' என்னும் பிணந்தின்னியோடு அமர்ந்து பிணம் தின்பாள். ஐரோப்பிய இலக்கியத்திற்குள் ஃகூல் நுழைந்தது இவ்வழியாகத்தான். ஆங்கிலக் கவிஞர் பைரன் 1813இல் எழுதிய 'கியாவூர்' என்னும் நெடும்பாட்டில், காபிரான நாயகனைப் பார்த்து ஒரு முஸ்லிம் மீனவன் சபிக்கிறான். நீ செத்தபின் காட்டேரியாக எழுந்து உன் சொந்தக் குடும்பத்துப் பெண்களின் இரத்தத்தையே குடிப்பாய் என்பது அந்தச் சாபம். பைரனின் மருத்துவராக இருந்த பாலிதோரி 1819இல் காட்டேரியைப் பிரபு வேடத்தில் உலவவிட்டார். ஐரிஷ் எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897இல் வந்தது. அதில் வரும் பிரபு, துருக்கியரோடு போரிட்ட தன் குலப்பெருமையை விருந்தாளியிடம் நீட்டி முழக்கிப் பேசுவதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இரத்தம் குடிப்பவனுக்கு முதலில் வேண்டியிருப்பது இரத்தப் பெருமை. இதற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

அரபு மரபு இந்த உருவத்தை எப்படிக் கையாண்டது என்பது சுவையானது. ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் பாலைவனத்தில் ஃகூல் உருமாறி வந்து வழிப்போக்கரை மயக்கிக் கொல்லும் என்று நம்பினர். ஃகூல் இல்லை என்று மறுக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாகப் பதிவாகியிருக்கிறது. மறுக்கப்பட்டது ஃகூலின் இருப்பா, அது உருமாறும் என்ற நம்பிக்கையா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் இருந்ததை இமாம் நவவீ (ரஹ்) எடுத்துரைக்கிறார்கள். ஹிஜ்ரி 255இல் மறைந்த அல்ஜாஹிள் தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் இக்கதைகளைத் திரட்டித் தந்ததோடு, தம் ஆசிரியர் நள்ளாம் கூறிய விளக்கத்தையும் சேர்த்திருக்கிறார். நீண்ட நாள் ஆளில்லாத வெளியில் தனித்திருப்பவனுக்குச் சிறியது பெரிதாகத் தோன்றும், இல்லாத குரல் கேட்கும் என்பது அதன் சாரம். தனிமைதான் பேயைப் படைக்கிறது என்று பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசி வெளிச்சத்தில் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கும் அந்த வழிப்போக்கனுக்கும் இடையே பெரிய தூரம் இல்லை.

அதே மரபில் ஒரு காதல் கதையும் கிடைக்கிறது. அம்ர் இப்னு யர்பூஃ என்பவர் 'ஸிஃலாத்' என்னும் பேய்மகளை மணந்து வாழ்ந்தாராம். மின்னலை அவள் கண்ணில் படவிடாதே, பட்டால் தன் கூட்டத்தாரிடம் போய்விடுவாள் என்று அவரை எச்சரித்திருந்தனர். மின்னும்போதெல்லாம் அவர் அவளை மூடி மறைப்பார். பிள்ளைகளும் பிறந்தனர். ஒருநாள் மறைக்கத் தவறினார். அவள் மின்னலைக் கண்டாள், ஒட்டகத்தின் மீதேறிப் போய்விட்டாள். இதில் கொலையும் இல்லை, இரத்தமும் இல்லை. வேற்றினத்தாள் தன் இனத்தை நினைத்துக்கொண்டாள், அவ்வளவே. இன்றைய எந்தக் காட்டேரிக் காதல் கதையும் இந்த எளிமையை எட்டியதாக நமக்குத் தோன்றவில்லை.

நம் தாமிரபரணிப் படுகைக்கு வந்தால் காட்சி வேறு. கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாக இன்றும் ஒலிப்பது நீலியின் கதை, இசக்கியின் கதை. நம்பியவனால் கொல்லப்பட்ட பெண் மறுபிறவியில் கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வருகிறாள். இவன் என் கணவன் என்று ஊராரிடம் முறையிடுகிறாள். ஊரார் நம்பி அவனை அவளோடு ஓர் அறையில் அடைக்கின்றனர். விடிந்தால் அவன் பிணம். அவன் உயிருக்குப் பிணை நின்ற எழுபது வேளாளரும் தீப்பாய்ந்து மாய்கின்றனர். இங்கே இரத்தப்பசி பெண்ணுக்குரியது. அது நியாயம் கேட்கும் பசி.

நவீனத் தமிழில் இதன் நிழல் படிந்த சிறுகதை, நெல்லை மண்ணின் புதுமைப்பித்தன் 1943இல் வெளியிட்ட 'காஞ்சனை'. பிச்சை கேட்டு வந்தவளை எழுத்தாளரின் மனைவி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். வீட்டில் பிணவாடை. ஓர் இரவு மனைவியின் தொண்டையில் ஏதோ கடித்ததுபோல் ஒரு துளி இரத்தம். தமிழில் காட்டேரிக் கதை என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் இதைத்தான் சுட்டலாம். ஆனால் இதில் காதல் இல்லை. நடந்தது உண்மையா பிரமையா என்பதையும் ஆசிரியர் சொல்வதில்லை. பகுத்தறிவு பேசும் கணவன் நடுங்குகிறான், மனைவி காலையில் அடுப்பங்கரைக்குப் போகிறாள்.

நீலியில் பெண் பழிவாங்கினாள். காஞ்சனையில் பெண் மர்மமாக நின்றாள். மங்காவில் இரத்தம் குடிப்பவன் ஆண், அதுவும் தன் பசிக்கு வெட்கப்படும் ஆண். இந்த இடமாற்றத்தில்தான் அக்கதைகளின் கவர்ச்சி அடங்கியிருக்கிறது. 'வாம்பயர் நைட்' கதையில் ஸீரோ என்னும் இளைஞன் காட்டேரி வேட்டைக்காரக் குடும்பத்தில் பிறந்து, காட்டேரியால் கடியுண்டு, தான் வெறுக்கும் இனமாகவே மாறிக்கொண்டிருக்கிறான். யூக்கி என்னும் பெண் தன் கழுத்தைக் காட்டித் தன் இரத்தத்தை அவனுக்குக் கொடுக்கிறாள். அவன் குடிக்கவும் விரும்புகிறான், குடித்ததற்காகத் தன்னையே வெறுக்கவும் செய்கிறான். ஹினோவின் கோடுகள் இந்த இழுபறியை அழகாகப் பிடிக்கின்றன. பக்கம் முழுவதும் வெண்மை, நடுவே ஒரு கண், ஒரு விரல், பேச்சற்ற ஒரு கட்டம். ஐந்து பக்கங்களில் நடப்பது ஓர் அடி எடுத்து வைப்பது மட்டுமே.

ஆணின் வலிமையைத் தெருவிலும் பேருந்திலும் வீட்டிலும் கட்டற்ற நிலையில் பார்த்து வளரும் பெண்ணுக்கு, கொல்லும் வலிமை இருந்தும் தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும் ஆண் ஓர் அதிசயம். அவள் விரும்புவது கோரைப்பற்களை அன்று, அவை பதியாமல் நிற்கும் அந்தக் கணத்தை. இதை ஒழுக்கக்கேடு என்று எப்படிச் சொல்வது? அரபு இலக்கியம் இதற்கு 'இஃப்பத்' என்று பெயரிட்டு ஒரு மரபையே வளர்த்தது. பனூ உத்ரா குலத்துக் கவிஞர் ஜமீல் புதைனாவின் மீது கொண்ட நேசம் அம்மரபின் தலைவாயில். ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் (ரஹ்) பெரும் மார்க்க அறிஞராக இருந்தும் காதலைப் பற்றி 'தவ்குல் ஹமாமா' எழுதினார்கள். பார்வை, தூது, பிரிவு என்று நூலை நடத்திச் சென்று, இறுதி அத்தியாயத்தைக் கற்பொழுக்கத்தின் சிறப்புக்கு ஒதுக்கினார்கள். நம் பாடத்திட்டங்களில் இந்நூலுக்கு இடம் கிடைப்பது அரிது. மாணவிக்கு இப்னு ஹஸ்மைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அவள் ஹினோவிடம் போனதற்கு வருந்துகிறோம்.

இவ்வளவும் சொன்னபின் இக்கதைகளின் மீது நமக்குள்ள வழக்கையும் சொல்ல வேண்டும். முதலாவது இரத்தத் தூய்மை. 'வாம்பயர் நைட்' உலகில் காட்டேரிகள் ஐந்து படிகளாக வகுக்கப்பட்டுள்ளனர். உச்சியில் மானிடக் கலப்பே இல்லாத தூய இரத்தத்தார், அடுத்துப் பிரபுக்கள், பிறகு சாதாரணர், பிறகு கடியுண்டு மாறிய முன்னாள் மனிதர், கடைசியில் அறிவிழந்து வேட்டையாடப்பட வேண்டியவர். தூய இரத்தத்தான் கட்டளையிட்டால் மற்றவர் பணிய வேண்டும். அவன் பேரழகன், கடைசிப் படியில் கிடப்பவனோ அருவருப்பானவன். இரத்தத் தூய்மையைக் காப்பதற்காக உடன்பிறந்தாருக்கிடையே மணம் பேசவும் கதை கூசவில்லை. ஆசிரியர் இவ்வமைப்பை ஆங்காங்கே கேள்வி கேட்கிறார் என்பது உண்மை. ஆனால் சித்திரம் கேட்பதில்லை. தூய இரத்தத்தானின் மேலங்கி மடிப்பை வரையும்போது தூரிகையே மயங்கி நிற்கிறது.

டோக்கியோ வாசகிக்கு இது கற்பனை. திருநெல்வேலி வாசகிக்கு அப்படியில்லை. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு தலித் இளைஞர் சாதி கடந்த நேசத்தின் காரணமாக வெட்டிக் கொல்லப்பட்டதாக வழக்கு எழுந்த ஊரில் அமர்ந்துதான் அவள் இதை வாசிக்கிறாள். குலப்பெருமையைக் கலைத்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம் என்று ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. நெல்லையில் வாழ்ந்து 2019இல் மறைந்த தோப்பில் முகம்மது மீரான், 1997இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'சாய்வு நாற்காலி' நாவலில் நம்மைக் கண்ணாடிமுன் நிறுத்தியிருக்கிறார். முஸ்தபாக்கண்ணு உழைப்பதில்லை. மூதாதையர் பெருமையைப் பேசியபடி நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். பெண்களை அடிக்க அந்த வீட்டில் 'அதபுப் பிரம்பு' என்றே ஒன்று இருக்கிறது. பழைய மாளிகை, அழியாத குலப்பெருமை, பிறர் உயிரில் பிழைக்கும் தலைவன் என்று டிராகுலாவின் கோட்டைக்கு வேண்டிய எல்லாம் அந்நாவலில் உண்டு, அழகைத் தவிர. மீரான் அந்த அழகைத் தர மறுத்தார். காட்டேரிக் கதை அதைத் தாராளமாகத் தருகிறது.

இரண்டாவது வழக்கு சாவைப் பற்றியது. உத்ரிக் காதலர்கள் மெலிந்தார்கள், மாண்டார்கள். அவர்களுடைய சொல்லுக்குக் கனம் கொடுத்தது அந்தச் சாவுதான். காட்டேரிக் காதலனுக்கோ நரையில்லை, நோயில்லை, கடன் இல்லை, மாமியார் இல்லை. என்றென்றும் என்று அவன் சொல்வதற்கு விலையேதும் கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்கரான ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' வரிசை 2005இல் தொடங்கி இளம்பெண்களிடையே பெருவெற்றி பெற்றது. அதன் நாயகி பதினெட்டாம் வயது நிறைவதையே பேரிடராகக் கருதுகிறாள், காதலனைவிட மூத்தவளாகிவிடுவோமே என்று. முதுமையை அவமானமாக்கும் காதல் எப்படிக் காதலாகும் என்று நாம் கேட்கிறோம். ஹாகியோவின் 'போ குலம்' இவ்விடத்தில் மேலானது. அங்கே சாகாமை ஒரு வரமாக வரையப்படவில்லை. நண்பர்கள் மூத்து மறைய, தாம் மட்டும் ஊர்மாறி ஊர்மாறி ஓடும் சிறுவர்களின் அனாதைத்தனமாகவே வரையப்பட்டிருக்கிறது. ஹினோவையும் மேயரையும் வாசித்தவர்கள் ஹாகியோவைத் தேடி வாசிக்கலாம்.

காஞ்சனையை எழுதிய அதே கைதான் 'செல்லம்மாள்' கதையையும் எழுதியது. ஊரைவிட்டுச் சென்னைக்கு வந்து ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயில் கிடக்கும் மனைவிக்குக் கஞ்சி வைக்கிறார், கால் பிடித்துவிடுகிறார். கடையில் முதலாளியிடம் புடவை கேட்டு வாங்கி வருகிறார். மருந்தும் வைத்தியமும் தோற்றுப் போகின்றன. அவள் செத்தபின் அவளைக் குளிப்பாட்டுவதும் அவர்தான். அவ்வீட்டில் அழகன் எவனும் இல்லை, வசதி இல்லை, காதல் என்ற சொல்கூட இல்லை. அந்தப் பிணத்தின் அருகே உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் இன்னும் நூறாண்டு வாழ்வு தருகிறோம் என்று யாராவது சொன்னால் அவர் என்ன செய்வார் என்று எண்ணிப் பார்க்கிறோம். அவருக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது விடிவதற்குள் ஒரு பானை வெந்நீர்.