ஆளில்லாத கொடி

ஊர்வலமும் ஒரு கலை வடிவம்தான் என்பது என் அபிப்பிராயம். கூத்துக்கும் நாடகத்துக்கும் இருப்பதுபோல அதற்கும் ஒரு கட்டுக்கோப்பு உண்டு. சில சமயம் அது சோபிக்கும். பல சமயம் சோபிக்காது. ஆனாலும் யாரும் அதை விமர்சனம் செய்வதில்லை. சர்வதேச விளையாட்டுப் போட்டிகளின் துவக்க விழாவில் நாடுகளின் அணிகள் வருவதைப் பற்றி எழுதுகிறவர்கள், யார் என்ன நிறத்தில் உடுத்தி வந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாவலை விமர்சிக்க வந்தவர் அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போவது போன்ற காரியம் இது.

1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வீரர்கள் நாடு நாடாகக் கொடிக்குப் பின்னால் அணிவகுத்தார்கள். பிற்பாடு கிரீஸ் முதலில், விழா நடத்தும் நாடு கடைசியில், மற்றவை நடத்துகிறவர் மொழியின் எழுத்து வரிசையில் என்று ஒரு முறை ஏற்பட்டது. இந்த எழுத்து வரிசைதான் இதிலுள்ள பெரிய யோசனை. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மிராசுதார் மகனும் பண்ணையாள் மகனும் அடுத்தடுத்து நிற்பதுபோல, வல்லரசும் குட்டித் தீவும் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் எழுத்து கொடுத்த சமத்துவத்தை எண்ணிக்கை பறித்துவிடுகிறது. ஒரு நாட்டுக்கு நூற்றுக்கணக்கில் ஆட்கள். இன்னொன்றுக்கு நாலே பேர். போதாததற்கு எல்லோரும் ஒரே மாதிரி கையசைக்கிறார்கள். அரை மணிக்குள் ரசிகனுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

இப்படி நினைத்திருந்த என்னை ஒரு சாயங்காலம் சற்று அசைத்தது. 2021 ஆகஸ்டு 24. காரியமாகத் தீர்த்தமலை போயிருந்தவன், மலையடிவாரத்தில் ஒரு தையற்கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரருக்குச் சிறு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. மோட்டார் வைத்த மெஷினில்தான் தைப்பார். அலமாரிமேல் ஒரு சின்ன டெலிவிஷன். அன்று டோக்கியோவில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்ஸ் துவக்கம். அடுத்த ஜில்லாவான சேலத்தில் பெரியவடகம்பட்டியிலிருந்து போன மாரியப்பன் தங்கவேலு இந்தியக் கொடியை ஏந்தி வருவார் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசுங்கியவர். 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியவர். அவரைப் பார்க்க நாலைந்து பேர் வாசலில் கூடியிருந்தோம்.

கொரோனாக் காலமாதலால் அந்தப் பெரிய அரங்கில் பார்வையாளர்களே இல்லை. அகதிகள் அணி முதலில் வந்தது. சக்கர நாற்காலி உருண்டது, ஊன்றுகோல் ஊன்றியது, செயற்கைக்கால் எடுத்துவைத்தது. ஒருவர் நடைபோல் இன்னொருவர் நடை இல்லை. ராணுவ அணிவகுப்பின் அழகு எல்லோரும் ஒரே அடியாக எடுத்துவைப்பதில் இருக்கிறது. இங்கோ ஒரே அடி வைக்க முடியாதவர்கள் ஒன்றாகப் போனார்கள். ஒலிம்பிக் அணிவகுப்பில் எனக்குத் தட்டுப்படாத உயிர் இதில் இருந்தது.

ஐந்தாவதாக ஆப்கானிஸ்தான் கொடி வந்தது. பின்னால் ஒருவரும் இல்லை. ஒன்பது நாளைக்கு முன்தான் காபூல் தாலிபான் வசமாகியிருந்தது. வீரர்கள் புறப்பட வழியில்லை. விழாத் தொண்டர் ஒருவர் கொடியைத் தூக்கி வந்தார்.

“ஆளே வரலை, கொடி மட்டும் எதுக்குங்க சார்?” என்றார் கடைக்காரர்.

எனக்கும் அதே சந்தேகம்தான். கதாசிரியன் புத்தி அல்லவா? கண்ணீரை வரவழைக்கிற மலிவான உத்தி என்று உடனே தீர்ப்பெழுதிவிட்டேன்.

சற்று நேரத்தில் இந்தியா வந்தது. கொடி வேறொருவர் கையில் இருந்தது. டோக்கியோ போகிற விமானத்தில் கூட வந்த ஒருவருக்குக் கொரோனா என்று தெரிந்ததால் மாரியப்பனைத் தனிமைப்படுத்திவிட்டார்களாம். டேக் சந்த் ஏந்தி வந்தார். வாசலில் நின்றவர்கள் ‘சே’ என்று கலைந்தார்கள். கடைக்காரர் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

“மாசியில இங்க தேர் இழுப்பாங்க. நான் ஒரு தடவைகூட வடம் தொட்டதில்லீங்க. தேர் வர்ற நேரம் ஒரு சொம்புத் தண்ணி வெச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருப்பேன். அதனால நான் தேரோட்டத்துல இல்லைன்னு ஆயிடுமா சார்?”

என் தீர்ப்பை நான் அங்கேயே கிழித்துப்போட வேண்டியதாயிற்று. பந்தியில் வர முடியாமற்போனவனுக்கும் ஓர் இலை போட்டுவைக்கிற வீடுகள் உண்டு. அந்தக் கொடி அப்படிப் போட்டுவைத்த இலை. இலை சாப்பாடாகிவிடாது, வாஸ்தவம். ஆனால் இலையே போடாத பந்தியில், வராதவனைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. வந்தவர்களைக் காட்டுவதோடு வராதவர்களுக்கும் இடம் வைத்திருப்பதுதான் நல்ல ஊர்வலத்தின் லட்சணம் என்று இப்போது எனக்குப் படுகிறது.

இந்த அளவுகோலால்தான் 2024 ஜூலை 26-ல் பாரிஸ் ஒலிம்பிக் துவக்கத்தையும் பார்த்தேன். அணிகளை சேன் நதியில் படகேற்றிவிட்டார்கள். நம் கொடியைச் சென்னைக்காரரான சரத் கமலும் சிந்துவும் பிடித்திருந்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நகர்ந்தது படகு, மனிதர்கள் அல்ல. யாருடைய நடையும் தெரியவில்லை. யார் வரவில்லை என்பதும் தெரியவில்லை. ஜோடனை அபாரம், ஊர்வலம் தோல்வி.

டோக்கியோக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேற்றப்பட்ட இரண்டு வீரர்கள் ஆகஸ்டு 28-ல் எப்படியோ டோக்கியோ வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஹொசைன் ரசூலி 31-ந் தேதி நீளம் தாண்டினார். கடைசி இடம். அதே நாளில் மாரியப்பன் மழையில் 1.86 மீட்டர் உயரம் தாண்டி வெள்ளி வாங்கினார். காலுறை நனைந்துவிட்டது என்று பிற்பாடு சொன்னார்.

மறுபடி தீர்த்தமலை போனபோது கடைக்காரரிடம் முதலில் வெள்ளியைப் பற்றிச் சொன்னேன். “தெரியுமுங்க” என்றார். பிறகு அந்த ஆளில்லாத கொடிக்காரர்களில் ஒருவர் வந்து கடைசியாக வந்ததைச் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“வந்துட்டாரா?” என்றார்.