வாளுக்கு முன்னால் விலங்கு

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவருக்கு அச்சைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். ஓரமாக மண் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். முதலில் ஒட்டிய அந்தப் படலம்தான் பொம்மை.

நம் கத்திச்சண்டைப் படங்களின் தொடக்கமும் இப்படித்தான். அச்சு பெரும்பாலும் அயலூரிலிருந்து வந்தது. படிந்தது நம் மண். 1958-இல் மட்டும் மூன்று படங்கள். சிவாஜியின் ‘உத்தம புத்திரன்’, ஜெமினியின் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ இரண்டுக்கும் வேர் பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் கதைகளில் இருக்கிறது. எம்.ஜி.ஆர். இயக்கிய ‘நாடோடி மன்னன்’ ‘செண்டாவின் கைதி’ என்ற ஆங்கில நாவலின் வழி வந்தது. மூன்றிலும் யாரோ ஒருவன் அடைபடுகிறான். கத்திச்சண்டைப் படம் என்று பெயர்தான். கதையை நகர்த்துவது சிறை.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட படம், பி.ஆர்.பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965). மூலம் ரஃபேல் சபாட்டினி 1922-இல் எழுதிய ‘கேப்டன் பிளட்’. 1935-இல் எரால் ஃபிளின் நடித்து ஹாலிவுட் படமாகவும் வந்தது. நாவல் தொடங்கும்போது ஊர் ஆண்கள் அரசனை எதிர்த்துப் போருக்குப் புறப்படுகிறார்கள். டாக்டர் பிளட் சன்னலோரம் புகை பிடித்தபடி பூச்செடிகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். சண்டை அவருக்குச் சம்பந்தமில்லாதது. விடிந்ததும் காயம்பட்டவனுக்கு வைத்தியம் பார்க்கப் போய் மாட்டிக்கொள்கிறார்.

பந்துலுவின் படத்தில் எம்.ஜி.ஆர். நடித்த மணிமாறனும் வைத்தியன்தான். நெய்தல் நாட்டில் புரட்சிக்காரர்களின் காயத்துக்கு மருந்திட்டதுதான் குற்றம். கைதாகி, தோழர்களோடு கன்னித் தீவுக்குக் கப்பலேறி, அடிமையாக விலைபோகிறான். எம்.ஜி.ஆர். படத்துக்கு எதற்காக டிக்கெட் எடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர் கையில் முதலில் மருந்து, அப்புறம் விலங்கு. வில்லன் நம்பியாரோடு கடற்கரையில் வாள் உரசுவதற்குள் கதை வெகுதூரம் வந்துவிடுகிறது. சாமர்த்தியம் என்பதைவிடத் துணிச்சல் என்பேன்.

காலமும் கைகொடுத்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பலர் சிறைக்குப் போயிருந்தார்கள். படம் ஜூலையில் வந்தது, நாயகன் தி.மு.க.காரர். விலங்கோடு வரிசையில் நிற்கும் கூட்டத்தில் பார்வையாளருக்குத் தெரிந்த முகங்கள் இருந்திருக்கும். இங்கே கூட்டமே கதாநாயகன் பக்கம். 2014-இல் டிஜிட்டலாக்கி மறுபடி வெளியிட்டபோதும் சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது.

ஒரு கிளைச்செய்தி. ‘நாடோடி மன்னன்’ கதையிலும் கன்னித் தீவு உண்டு. 1960-இல் ‘தினத்தந்தி’யில் அதே பெயரில், சிந்துபாத்தை நாயகனாக வைத்து, முடிவில்லாமல் நீண்ட படக்கதை தொடங்கியது. பந்துலு தன் அடிமைகளை மூன்று மணி நேரத்தில் மீட்டுவிட்டார். சிந்துபாத்துக்குத்தான் வழி தெரியவில்லை.