யாருக்கு அடக்கம்?

நாவலில் உருக்கமான காட்சி எழுத வருகிறவர்களுக்கு மூத்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: அடக்கி எழுது, பாத்திரம் அழக்கூடாது, வாசகர் அழ வேண்டும். நல்ல அறிவுரைதான். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வாழ்க்கையை நாவலாக்க நினைப்பவரை இது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

அடக்கத்தின் பலத்தை அறிய அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' ஒன்று போதும். சிகந்தராபாத்தில் கிரிக்கெட்டும் சைக்கிளும் கல்லூரியுமாகப் போகின்றன சந்திரசேகரனின் நாட்கள். நிஜாமின் ஆட்சி சரிந்துகொண்டிருக்கிறது. முடிவில், கலவரத்துக்கு அஞ்சி ஓடுகிறவன் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அவனைத் தாக்க வந்தவன் என்று நினைத்து, குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறுபெண் அவன் முன் உடையைக் களைகிறாள். ஆசிரியரின் குரல் அங்கே உயர்வதில்லை. அந்தச் சிறிய காட்சியைத் தாங்கி நிற்பவை அதற்கு முன்பு வந்த சாதாரண நாட்கள் அத்தனையும். பின்னால் வந்த பலர் அவரிடமிருந்து மௌனத்தை எடுத்துக்கொண்டார்கள், நாட்களை எடுத்துக்கொள்ளவில்லை.

விளைவை நிலம் போன கதைகளில் பார்க்கலாம். பெரியவர் கம்பெனி கேட் முன் பேசாமல் நிற்பார், கதை முடிந்துவிடும். அவர் பிள்ளைப்பாக்கம் ஏரியின் எந்த மடைத் தண்ணீரில் பயிர் வைத்தார், இழப்பீட்டைப் பங்கு பிரிக்கையில் எந்தத் தங்கை கையெழுத்துப் போட மறுத்தாள் என்பதெல்லாம் எழுதியவருக்கே தெரியாது. தெரியாததை அடக்கம் மூடிவிடுகிறது. இதுதான் இந்த முறையின் பெரிய குறை என்பேன். குடியிருப்புக் காலனிக்கு நிலத்தைப் பறிகொடுத்த குடும்பத்தைச் சொல்லும் பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' (1991) இதில் தப்பிப்பது, அந்த வீட்டின் சண்டை சச்சரவுகள் அவருக்கு உள்ளிருந்து தெரியும் என்பதால். தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய் 'கரிப்பு மணிகள்' எழுதிய ராஜம் கிருஷ்ணனின் பாத்திரங்கள் சில இடங்களில் பிரசங்கமாகவே பேசிவிடுகின்றன. ஆனாலும் பாத்தியில் கால் வெந்து நிற்கும் வேலையை அவர் அறிந்திருந்ததால் அந்தப் பேச்சை நான் மன்னித்துவிடுகிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. 2021 டிசம்பரில், அதே வட்டாரத்தில் ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 150 பேருக்கு மேல் விடுதிச் சாப்பாட்டால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. உடன் தங்கியவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள், கத்தினார்கள். அந்த இரவை அடக்கி எழுதுவது பொய்யாகிவிடும். தொல்காப்பியர் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு காரணம் சொல்கிறார். அசைவு என்பதற்கு, முன்பிருந்த நிலை கெட்டு வேறாகிப்போவது என்று உரையாசிரியரான பேராசிரியர் பொருள் காண்கிறார். கேட் முன் நிற்கும் பெரியவருக்கு அது. சாலையில் உட்கார்ந்த பெண்ணுக்கு இழவின் பயமும் இளிவும் சேர்ந்தே வந்திருக்கின்றன, கூடவே வெகுளியும். ஒப்பாரி வைத்து இழவைச் சொல்லும் ஊரில் பிறந்தவள் அவள். கௌரவமான மௌனத்தை அவள் வாயில் திணிக்க எழுத்தாளருக்கு என்ன உரிமை?

அடக்கம் சொல்பவரிடம் இருக்கட்டும், பாத்திரத்திடம் அதைக் கேட்காதீர்கள் என்றே நான் சொல்வேன். அந்தப் பெண் தொண்டை கிழியக் கத்தட்டும். அதற்கு முந்தைய ஐம்பது பக்கங்களில் அவளும் அவள் தோழியும் வெவ்வேறு ஷிப்டில் ஒரே பாயை மாற்றி மாற்றிப் படுத்திருக்க வேண்டும். ஒருத்தி எழுந்து போன சூடு ஆறுவதற்குள் மற்றவள் வந்து படுத்திருக்க வேண்டும். பிறகு ஒரு காலையில் ஷிப்ட் முடிந்து வருகிறவள் கைவைத்துப் பார்க்கும்போது, பாய் சில்லென்று கிடக்கிறது.