சுவர் நிறம் காட்டும் செயலிகள்: கரும்பச்சைக்கு எவ்வளவு நம்பலாம்?

பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே, வீட்டுச் சுவரில் ஒரு நிறம் எப்படி எடுபடும் என்று கைபேசித் திரையில் காட்டும் செயலிகளைப் பெயிண்ட் நிறுவனங்கள் இலவசமாகத் தருகின்றன. 2014இல் வந்த டியூலக்ஸ் விஷுவலைசர் இவற்றின் முன்னோடிகளில் ஒன்று. வெள்ளை, சந்தனம் போன்ற வெளிர் நிறங்களில் இவை பெரிதாகச் சறுக்குவதில்லை. இவற்றுக்கு உண்மையான சோதனை மங்கிய கரும்பச்சை. சாம்பல் கலந்த, வதக்கிய முருங்கைக்கீரையை ஒட்டிய நிறம் அது. சென்னை பள்ளிக்கரணையின் நெருக்கமான அடுக்குமாடி வீடுகளில் அந்தச் சோதனை இன்னும் கடினமாகிறது.

இயங்கும் விதம்

கேமராவைச் சுவருக்கு நேரே பிடித்து, ஷேட் கார்டில் ஒரு நிறத்தைத் தேர்ந்து, திரையில் சுவரைத் தொட்டால் அந்தப் பரப்பில் நிறம் ஏறும். தொட்ட இடத்தை ஒத்த நிறமுள்ள பகுதிகளைச் செயலி ஒரே பரப்பாகக் கொள்கிறது. வெளிச்சம் சட்டென்று மாறும் கோட்டை ஓரமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் வெள்ளைச் சுவரில் இருக்கும் வெள்ளை சுவிட்ச் போர்டும் லாஃப்ட் கதவும் சேர்ந்தே பச்சையாகிவிடும். ஜன்னல் கம்பியின் நிழல் விழுந்த பட்டையோ நிறம் ஏறாமல் நின்றுவிடும். வெளிர் நிறத்தில் கண்ணில் படாத இந்தப் பிசிறு கரும்பச்சையில் அப்பட்டமாகத் தெரியும். கேமராவில் நேரடியாகப் பார்ப்பதைவிட, பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நிறமேற்றினால் ஓரங்கள் சுத்தமாக வரும்.

நிறத் துல்லியம்

சுவர் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருகிறது. திரை தானே ஒளிர்கிறது. ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தரும் என்பதை எல்.ஆர்.வி. என்ற எண் சொல்கிறது. முழுக் கருமைக்கு 0, முழு வெண்மைக்கு 100. ஷெர்வின் வில்லியம்ஸ் நிறுவனத்தின் ப்யூட்டர் கிரீன் என்ற கரும்பச்சைக்கு 12. அதே நிறுவனம் 2022ஆம் ஆண்டின் நிறமாக அறிவித்த எவர்கிரீன் ஃபாக் என்ற சாம்பல் பச்சைக்கு 30. திரையின் பிரகாசத்தைக் கூட்டினால் முன்னது பின்னதைப்போலத் தோன்றும். அறையில் அப்படி ஏமாற்ற முடியாது. எல்.ஆர்.வி. 12 உள்ள சுவர், விழும் ஒளியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தரும். கூரையும் எதிர்ச் சுவரும்கூட மங்கும். செயலி பொதுவாகச் சுவரின் நிறத்தை மட்டும் மாற்றுகிறதே தவிர, அறை இருளுவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

வெளிச்சம்

வேளச்சேரி–தாம்பரம் சாலையை ஒட்டிய உள்தெருக்களில் பல ஜன்னல்கள் பக்கத்துக் கட்டடச் சுவரைத்தான் பார்க்கின்றன. அந்தச் சுவரில் பட்டுத் திரும்பிய ஒளியே அறைக்குள் வருகிறது. இரவில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கின் கீழ் மங்கிய பச்சை நீலச் சாம்பலை நோக்கி நகரும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கின் கீழ் ஆலிவ் நிறத்துக்கு வரும். கேமரா வெள்ளையைத் தானாகச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி படத்தில் அடிபட்டுப்போகிறது.

செயலி காட்டாதவை

முதலாவது ஓதம். 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி பள்ளிக்கரணை. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் இங்கே தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. சுவரில் ஏறிய ஈரம் காயும்போது உப்பு வெளியே பூக்கும். வெள்ளைச் சுவரில் அது மறைந்துவிடும். கரும்பச்சையில் தூரத்திலிருந்தே தெரியும். பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்கும் வழக்கமும் இங்கே இடைஞ்சல்தான்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு சுவர் முழுதாகக் காய்ந்திருக்காது. கோடையில் அடிப்பது பாதுகாப்பு.

இரண்டாவது பூச்சு. அடர் நிறங்களுக்கு டின்டிங் மெஷினில் வெள்ளை நிறமி குறைந்த பேஸ் பயன்படுகிறது. வழக்கமான இரண்டு கோட் சில சமயம் போதாமல் மூன்றாவது தேவைப்படும். மேட் பூச்சில் கைபட்டுத் தேய்ந்த இடம் பளபளக்கும். ஷீன் பூச்சில் பட்டி பார்த்ததன் மேடுபள்ளம் தெரியும். இந்தச் செலவும் குறையும் திரையில் வருவதில்லை.

முடிவு

எந்தச் சுவருக்கு அடிப்பது, ஒரு சுவரா நான்குமா என்று தீர்மானிக்கச் செயலி நன்றாக உதவும். எந்த ஷேட் என்பதை அதை வைத்து முடிவு செய்யக்கூடாது. அதற்குச் சிறிய டப்பாவாக வாங்கி, இரண்டடிச் சதுரப் பலகையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு சுவரில் சாய்த்துக் காலை, மாலை, இரவு விளக்கில் பார்க்க வேண்டும். எமல்ஷன் காயும்போது சற்று அடர்ந்துவிடும். ஓதம் ஏறாத மேல்தளத்து உட்சுவர் ஒன்றுக்குக் கரும்பச்சையும், கூரைக்கும் மற்ற மூன்று சுவர்களுக்கும் வெள்ளையும் கொடுப்பது பள்ளிக்கரணை வீடுகளுக்குப் பொருந்தும்.